சுவரோடு ஒட்டிய மேசை

"டேய் தம்பி, ஒம் மெசின எடுத்துக்கிட்டு வர முடியுமா?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"சொவரு ஆடுது" என்றாள். "இல்லன்னா என் கை ஆடுது. ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு பாத்துச் சொல்லிட்டுப் போ."

இயந்திரங்களைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளும் மோட்டார்களும் காற்றாடிகளும் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும். நான் அதிர்வுமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றிடமும் போய் நிற்பேன். அதன் ஒயர் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உணரி, அடியில் காந்தம். பேரிங் இருக்கும் இடத்தில் கொண்டுபோனால் தானே இழுத்து ஒட்டிக்கொள்ளும். திரையில் கோடுகள் எழும். எந்தக் கோடு எங்கே எழுகிறது, எவ்வளவு உயரம் என்பதை வைத்து உள்ளே எது தேய்கிறது, எது தளர்ந்து கிடக்கிறது என்று ஒருமாதிரி சொல்லிவிடலாம். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கிரீஸ் அடிக்கிற ஆளாக அங்கே போனவன் நான். எனக்கு இந்த வேலை எப்படி ஒட்டியது என்று கேட்டால், பயத்தால்தான் என்பேன். கேஸ் அடுப்பை அடைத்துவிட்டேனா என்று மாடிப்படியில் பாதி இறங்கியவன் திரும்பி ஏறிப் போய்ப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு வெறும் சத்தமாகக் கேட்பது எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று கேட்கும்.

எனவே அக்கா தொலைபேசியை வைத்ததுமே கருவியை வெளியே எடுத்துப்போக அனுமதி கேட்கப் போனேன். சுவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் சொன்ன அந்த இரண்டாவதுதான், கை.

எங்கள் அப்பாவின் கை நடுங்கும். துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். காலையில் கோப்பி குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது கிணுகிணுவென்று ஒரு சத்தம் வரும். நாங்கள் எழுந்திருப்பதே அந்தச் சத்தத்தில்தான். குடியினால் வந்தது என்றார்கள். அம்மா சொன்னார், மாமாமார் சொன்னார்கள், மாதா கோயிலில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்கள் குசுகுசுத்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தியபோது கிடங்கிலும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அன்றிலிருந்து இன்றுவரை கிறிஸ்துமஸ் கேக்கில்கூட ரம் ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

அக்காவுக்குப் பிழைப்பே கைதான். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றின் மாடியில் குடியிருக்கிறாள். கீழே ஊதுபத்தி, சாம்பிராணி விற்கிற கடை. மாடியின் முன்னறையில் அவள் மருதாணி போடுவாள். மணப்பெண்கள் வருவார்கள், தீபாவளிக்கு வருவார்கள், ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மலாய்ப் பெண்கள் கூட்டமாக வந்து, இனாய் என்று அவர்கள் சொல்லும் மருதாணியைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள். மரத்தளம், உயரமான கூரை, தெருப்பக்கம் பலகை வைத்த சன்னல்கள். மதியத்தில் அந்தப் பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தளத்தில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மேசையில் ஏறி, சுவரில் போய் மங்கும். கீழிருந்து சாம்பிராணி, மேலே மருதாணியில் கலக்கும் நீலகிரித் தைலம். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தால் எனக்குப் பாதித் தூக்கம் வந்துவிடும். வேறு எங்கேயும் அப்படி எனக்கு வருவதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அறை முழுக்க ஒரு விநோதமான அமைதி. மேலே மின்விசிறி நின்றிருந்தது. வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள் அக்கா.

"எல்லாத்தையும் அடைச்சிட்டேன்" என்றாள். "ஃபேன், ஐஸ்பெட்டி, எல்லாம். கீழ கடைக்கார அண்ணன்கிட்டயும் ரேடியோவ அடைக்கச் சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா ரேடியோவ?"

"ஒம் மெசினுக்குத் தொந்தரவா இருக்கும்ல?"

கீழேயிருந்து கடைக்காரர் குரல் வந்தது. "தம்பி! மூச்சு விடலாமா, கூடாதா?"

அக்கா ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். மருதாணிக் கூம்பால் அதில் கொடிகள் போட்டிருந்தாள். பழைய கொடிகளை எனக்குத் தெரியும். மயிரிழைபோல ஓடி, வளைந்து, இலையில் போய் நிற்கும். இவை அப்படி இல்லை. கோட்டின் விளிம்பு பல் பல்லாக நெளிந்திருந்தது. ஒரு கொடியில் அதிகம். அடுத்ததில் கொஞ்சம். அதற்கடுத்ததில் ஏறக்குறைய இல்லை.

"எப்பவுமே இப்படியா?"

"வருது, போகுது. போட்டுக்கிட்டே இருப்பேன், நல்லா இருக்கும். அப்புறம் வெரலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி வரும். கைய எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது. திரும்ப வச்சா திரும்ப." அவள் என்னைப் பார்க்கவில்லை. "சிநேகிதி மகளுக்குக் கல்யாணம் வருது. அந்தப் பிள்ள பொறந்தப்பவே, ஒனக்கு நான்தான் மருதாணி போடுவேன்னு வாயக் குடுத்துட்டேன். இப்ப வேற ஆளப் பாத்துக்கன்னு சொல்லணுமா, வேண்டாமா? அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிட்டேன்."

பழைய சுவரில் காந்தம் எங்கே ஒட்டும்? மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சியிருந்த மெழுகைக் கிள்ளி, விரலில் உருட்டி இளக்கி, ஓர் இரும்பு வாஷரைச் சுவரில் ஒட்டினேன். அதன்மேல் உணரியை வைத்தேன். தொழிற்சாலையில் எப்படிச் செய்வேனோ அப்படியே: வைப்பது, திரை நிலைக்கும்வரை சில நொடிகள், எடுப்பது, அடுத்த இடம். அங்கே அவ்வளவு இயந்திரங்கள் காத்திருக்கும். ஒன்றுக்கு அதற்குமேல் கொடுக்க முடியாது. சுவரில் இரண்டு இடம், மேசையில் இரண்டு இடம், சன்னல் சட்டத்தில் ஒன்று. திரையில் ஒரு கோடும் எழவில்லை. தரையை ஒட்டிப் புல் முளைத்தமாதிரி கொஞ்சம் கிடந்தது, அவ்வளவுதான்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சொவரு நல்லாத்தான் இருக்கு" என்றேன், சந்தோஷமாக. ஒரு மோட்டாரைப் பற்றி ஒருவருக்குச் சொல்வதைப்போல. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது.

அவள் போய் மின்விசிறியைப் போட்டாள்.

"அப்ப என் கைதான்" என்றாள். "சொட்டுக் குடிக்காத எனக்கு அப்பா கை. பாத்தியா கூத்த?"

திரும்பும்போது ஃபெரியில் மேல்தட்டில் உட்கார்ந்தேன். கடல் பால் கலந்தமாதிரி வெளுத்துக் கிடந்தது. அக்காவின் தீவு பின்னால் போவதும் என் கரையான பட்டர்வொர்த் முன்னால் வருவதும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருந்தன. நாங்கள் மட்டும் நகராததுபோல இருந்தது. மனதுக்குள் நான் அக்காவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சேலைக்குள்ளிருந்து அப்பாவின் கை நீண்டு ஒரு கோப்பையை எடுத்தது. தண்ணீருக்கு மேலே அந்தக் கிணுகிணு சத்தம் கேட்டதுபோல இருந்தது. பிறகு கவலை தன் வேலையை ஆரம்பித்தது. ஒயர் தளர்ந்திருந்ததோ? மெழுகு சரியாகப் பிடிக்கவில்லையோ? பாகான் டாலாமில் என் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைத்தபோதும் அதே நினைப்பு. ஒயரைச் சோதித்தேன், நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற ஒயரை எத்தனை முறை சோதிப்பது? மெழுகை நினைத்துக் கவலைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திரும்ப அக்கா வீட்டில் போய் நின்றேன், பையோடு.

"என்னடா, மெசினுக்கு ஞாபகமறதியா?"

"மெழுகு சரியா ஒட்டலையோன்னு."

"ஒட்டியிருந்தா மட்டும்? என் கைய மாத்திக் குடுக்குமா அது?" என்றாள். ஆனாலும் தடுக்கவில்லை. இந்தத் தடவை எதையும் அடைக்கவும் இல்லை. மெசினுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான் போல. நான் வாஷரைப் பிடுங்கி, புது மெழுகு வைத்து, மேசைமேல் ஒட்டினேன். பொத்தானை அழுத்தி, நேரம் போகப் போக எழுதிக்கொண்டே போகும்படி வைத்தேன். உடனே அக்கா பின்கட்டிலிருந்து, "சோறு ஆறுது, வந்து சாப்ட்டுட்டு அதக் கட்டி அழு" என்று கூப்பிட்டாள்.

கருவாட்டுக் குழம்பு. நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அக்கா தன் தட்டில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வரப்போகிற வெளிச்சம். பின்முற்றத்தின் திறந்த கூரை வழியாக அது கீழிறங்கி, ஓடுகளையும் குழாயையும் எங்கள் தட்டுகளையும் ஒரே நிறமாக்கியது. முன்னறையில் அந்தக் கருவி தனியாக இருப்பதையே மறந்துவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது திரையில் அலைகள்.

மெலிந்த ஒரு கோடு மெல்லப் பருத்து, வயிறு வைத்து, திரும்ப மெலிந்து, நூலாகி, பிறகு மறுபடி பருத்து. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க இந்த மேசை மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் நின்றபடியே பார்த்தேன். புதிதாக ஓர் அலை எழுவதற்குள் பல நொடிகள் ஆயின. போன தடவை நான் வைத்து எடுத்ததெல்லாம் இந்த மெலிந்த இடங்களுக்குள்ளேயே விழுந்து தொலைந்திருக்கிறது. ஒன்றிரண்டு கொஞ்சம் தடித்திருந்தாலும், அந்தச் சின்னத் துண்டைப் பார்த்து அலை என்று யார் நினைப்பார்?

"அக்கா" என்றேன். "அக்கா, இங்க வா. கைய வை. மேசையில. எடுக்காத."

வைத்தாள். கோடு பருக்க ஆரம்பித்தது. அவள் கண் விரிந்தது.

"இதுதான். இதுதாண்டா அந்த எறும்பு."

இது இரண்டு இயந்திரங்களின் வேலை என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள், ஒருவர் மட்டும் ஓர் இம்மி மெதுவாக. சில நேரம் இரண்டு தட்டும் ஒன்றாக விழுந்து பலமாகக் கேட்கும். பிறகு விலகி விலகி, ஒன்று மற்றதை அமுக்கிவிடும். திரையை மாற்றி உற்றுப் பார்த்தேன். நொடிக்கு இருபத்து நான்கு சுற்றை ஒட்டி, இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு கோடுகள் நெருக்கி நின்றன. காற்றாடி வேகம். அக்காவின் மின்விசிறி இவ்வளவு வேகமாகச் சுற்றாது; இது நம் வீட்டில் இல்லாத காற்றாடி.

பக்கத்துக் கடைவீட்டில் புதிதாக ஒரு கோப்பிக் கடை வந்திருந்தது. சுவரைச் சுரண்டிச் செங்கல் தெரிய விட்டு, தொங்கும் விளக்குகள் போட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொள்கிற கடை. அதைப் பார்த்துக்கொள்கிறவன் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப் பையன். நான் கருவிப் பையோடு போய் நின்றதும், "நகராட்சிக் கவுன்சில்லேருந்தா அண்ணே?" என்றான், முகம் வெளிறி.

"இல்ல தம்பி. பக்கத்து மாடியில மருதாணி போடுறாங்கல்ல, அவங்க தம்பி. உங்க காத்தாடிய ஒருதடவ பாக்கலாமா?"

"அப்பாடா. எங்க கோப்பியவிட எங்க காத்தாடிதான் ஸ்ட்ராங்குன்னு யாராச்சும் எழுதிட்டாங்களோன்னு பாத்தேன்."

சமையல்கட்டுக்குப் பின்னால், புகையை இழுத்து வெளியே தள்ளும் இரண்டு பெரிய காற்றாடிகள். ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டும். சட்டத்தைப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில். இடையில் ஒரு ரப்பர் துண்டுகூட இல்லை. நான் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சொவத்துல கைய வச்சியா?"

"வச்சிட்டேன்."

"இப்ப?"

"இருக்கு. ஏறுது. ஆ, இப்ப பலமாத் தெரியுது."

பையனிடம் கண்ணைக் காட்டினேன். ஒரு காற்றாடியை அடைத்தான். அது சுற்றித் தளர்ந்து நின்றது.

"இப்ப?"

"கொறைஞ்சிருச்சி. இரு... லேசா ஒரே மாதிரி இருக்கு. ஏறல."

மற்றதையும் அடைத்தான். சமையல்காரர் சட்டியோடு திரும்பிப் பார்த்தார். புகை மெல்லக் கூரைக்கு ஏறியது. தொலைபேசியில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்." குரல் எங்கிருந்தோ வந்தது. "வரலடா. காத்துக்கிட்டே இருக்கேன். வரவே இல்ல."

ரப்பர் வைக்க ஆளைக் கூப்பிடுகிறேன் என்று அந்தப் பையன் சொன்னான். அன்றைக்குக் காற்றாடிகளைத் திரும்பப் போட்டுவிட்டான்; பிற்பாடு ரப்பரும் வைத்தான். ஆனால் எனக்கு ஒன்று புரியாமல் இருந்தது. சுவர் லேசாக ஆடுகிறது, சரி. மேசை ஏன் அதைவிட அதிகம் ஆடுகிறது? மேலே போய்க் குனிந்து பார்த்தேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மருதாணிப் பெட்டி அட்டைகளை மடித்து மடித்து, மேலும் ஒன்று நுழையாத அளவுக்கு அடித்து இறுக்கியிருந்தாள். ஒரு காலைச் சன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டியும் இருந்தாள்.

"இது என்னாக்கா?"

"கோடு நெளிய ஆரம்பிச்சதும் மேசதான் ஆடுதுன்னு நெனச்சேன். சொவத்தோட சேத்து இறுக்குனேன். அப்பயும் நெளிஞ்சிச்சி. இன்னும் இறுக்குனேன்." சுவரின் ஆட்டம் இந்த அட்டைகள் வழியாகத்தான் மேசைக்குள் வருகிறது என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ லா! நானேதான் அந்தப் பேய வீட்டுக்குள்ள கூப்ட்டேனா?"

நான் கயிற்றை அறுத்தேன். அட்டைகளைப் பிடுங்கி, மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி அறையின் நடுவில் போட்டேன். இத்தனை நாள் சுவரைப் பார்த்து இருந்த மேசை இப்போது மழை விட்டு விழுந்த வெயில் கோடுகளுக்கு நடுவில், கரை தட்டாத படகுமாதிரி நின்றது. அக்கா ஒரு புதுக் காகிதத்தை விரித்தாள். கூம்பின் நுனியிலிருந்த ஊசியை எடுத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு நீளமாக ஒரு கொடி போட்டாள்.

பல் போய்விட்டது. விளிம்பு சுத்தமாக இருந்தது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளையின் முகம். இன்னொரு கொடி. இன்னொன்று. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது கொடியில்தான் எனக்குத் தெரிந்தது. நெருக்கமான அந்தப் பற்கள் போன இடத்தில், அவற்றுக்கு அடியில், வேறொரு நெளிவு கிடந்தது. இடைவெளி விட்டு, அகலமாக, மிக மெல்லியதாக. வெயிலில் காய்ந்த மணலில் தண்ணீர் விட்டுப்போன தடம்போல. இது காற்றாடி வேகத்தில் இல்லை, ரொம்ப மெதுவானது. எங்கள் வேலையில் அடிக்கடி நடப்பது இது: பெரிய பழுதைச் சரிசெய்ததும் எல்லாரும் கைகொடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த சின்னது அதற்குப் பிறகுதான் தலையைக் காட்டும். பெரும்பாலும் அதைக் கண்டுபிடிப்பவன் நானாகத்தான் இருப்பேன், விடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதால். அன்றைக்கு மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"என்னா முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"ஒம் மூஞ்சி ஒண்ணுமில்லாத மூஞ்சியா? சொல்லுடா."

"இது சொவரு இல்லக்கா" என்றேன்.

அவள் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு கூம்பின் நுனியில் ஊசியைத் திரும்பச் செருகினாள்.

மறுநாள் வேலையிடத்தில் எங்கள் பொறியாளரிடம் கேட்டேன். என் மகள் வயதுள்ள சீனப் பெண். கருவியை வெளியே எடுத்துப்போக அனுமதி கொடுத்தவள். உணரியை அக்காவின் கையில் ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு மலாயில் சொன்னாள், கோடு கண்டிப்பாக வரும், யார் கையில் வைத்தாலும் வரும், எது நல்ல கோடு எது கெட்ட கோடு என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, பயம்தான் கூடும். "அங்கிள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஒரு நாள் விடுப்பும் கொடுத்தாள்.

கிளினிக்கில் கடிதம் வாங்கி, காத்திருந்து, நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனோம். மருத்துவர் தமிழ் தெரிந்த ஓர் அம்மா. அக்காவின் இரண்டு கையையும் மடியில் சும்மா வைக்கச் சொல்லி, நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னார். கை அசையவில்லை. நீட்டச் சொன்னார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு காகிதத்தைக் கொடுத்து நத்தை ஓடுபோலச் சுருள் வரையச் சொன்னார். அக்கா சுருளை வரைந்துவிட்டுப் பழக்கத்தில் நுனியில் ஓர் இலையும் போட்டாள்.

"அழகா இருக்கே" என்றார் டாக்டர். நெளிவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

"இல்ல" என்றாள் அக்கா.

"அப்பாவுக்கு" என்றேன் நான். மேசைக்குக் கீழே அவள் என் காலை மிதித்தாள்.

"அது குடி, டாக்டர். அது வேற."

"சரி. குடிச்சா அவருக்குக் கை ஆடுறது கூடுமா, கொறையுமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலங்கள் எனக்குள் மிதந்து வந்தன. அப்பா இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு வருவார். வாசலில் ஸ்டூல் போட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நகம் வெட்டிவிடுவார். பாதி பிளேடால். குடித்த கையால் பிள்ளைகளைத் தொடாதே என்று அம்மா உள்ளிருந்து கத்துவார். அவர் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, பிளேடை நகத்தின் ஓரமாக, பிறை நிலாமாதிரி ஒரே இழுப்பில் கொண்டுவருவார். ஒரு நாளும் தோலில் கீறல் பட்டதில்லை. அந்த விரல்கள் கல்லில் செய்தவைபோல இருக்கும்.

"கொறையும்" என்றாள் அக்கா. அவளும் அங்கேதான் போய்வந்திருக்கிறாள்.

டாக்டர் தலையசைத்தார். பரம்பரையாக வருகிற ஒரு நடுக்கம் உண்டு என்றார். வேலை செய்யும்போது ஆடும், சும்மா இருந்தால் அடங்கும். சிலருக்குக் கொஞ்சம் குடித்தால் தற்காலிகமாக நிற்கும், மறுநாள் இன்னும் மோசமாக வரும். அதனால் அது மருந்தாகாது. "உங்க கை அந்த மாதிரிதான் தெரியுது. கை சும்மா இருக்கும்போதே ஆடுற அந்தப் பெரிய வியாதி மாதிரி இல்ல. உங்க அப்பாவ நான் பாக்கல, அடிச்சிச் சொல்ல மாட்டேன். இருந்திருக்கலாம்."

"டாக்டர், நான் மருதாணி போடலாமா?"

"நிக்காதும்மா அது. மெதுவாக் கூடவும் செய்யலாம். மாத்திரை தரேன், ஓரளவுக்குக் கொறைக்கும். முழங்கைய ஊன்றிக்கிட்டுப் போடுங்க. போட முடியுதா இல்லையாங்கறத உங்க கண்ணுதான் சொல்லணும்."

வெளியே வந்து மருத்துவமனைக் கேண்டீனில் உட்கார்ந்தோம். மேசையில் ஈக்கள். அக்கா தே ஓ என்கிற கடுந்தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"அப்ப ஆடுறத நிறுத்தத்தான் குடிச்சாரா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியவில்லைதான். கேட்டுப் பார்க்க அப்பா இல்லை. வெளியே ஆம்புலன்ஸ் பாதையில் சரக்கொன்றை உதிர்ந்துகொண்டிருந்தது; காற்றே இல்லாமல், தானாக.

"வேல போன அன்னிக்கு ஒரு வார்த்தகூட சொல்லலியேடா அந்த மனுஷன்."

"அவருக்கே தெரிஞ்சிருக்காதுக்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆமா, அந்தம்மாகிட்ட ஒன் கையையும் நீட்டியிருக்கலாம்ல? ஏன் ரெண்டையும் பைக்குள்ள விட்டுக்கிட்டு நின்ன?"

"குளிரா இருந்துச்சி."

"பயந்தாங்கொள்ளி" என்றாள், அன்பாக.

கல்யாணப் பெண்ணை அவள் வேறு ஆளிடம் அனுப்பவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன்; பக்கத்துக் கடையில் ரப்பர் வைத்த பிறகு ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன், பார்த்து முடித்த பிறகும் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் அம்மா, அக்காவின் சிநேகிதி, சன்னல் பக்கம் விசிறிக்கொண்டிருந்தார். அக்கா மேசையில் ஒரு தலையணையைப் போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"இந்தாம்மா, மொதல்லயே சொல்லிடுறேன்" என்றாள். "என் கை கொஞ்சம் ஆடும். மாத்திர சாப்பிடுறேன், ஆனாலும் ஆடும். பழைய மாதிரி பொடிப்பொடியா வராது. பெரிய பூ, பெரிய இலைன்னா நல்லா வரும். ஒனக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு, இந்தத் தெருக்கோடியில ஒரு பிள்ள இருக்கு, ரொம்ப நல்லாப் போடும், நானே கூட்டிட்டுப் போறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

சொல்லிக்கொண்டே தலையணையை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தாள். சிநேகிதி விசிறுவதை நிறுத்தினார். நான் தளத்தில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை விரித்து. அவை படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கே ஆடுது ஆன்ட்டி, பாருங்க" என்றாள். "காலைலேர்ந்து இப்படித்தான். சோறே எறங்கல."

"ஏண்டி, மாப்பிள்ள அவ்ளோ பயங்கரமா?"

"அய்யோ, அவர் பாவம் ஆன்ட்டி. அவருக்கு என்னவிட ஆடுது."

அக்கா சிரித்தாள். அந்த அறையில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இடது கையால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, தலையணைமேல் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து, மெல்ல அழுத்தினாள். கூம்பின் ஊசியை எடுத்தாள். இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன.

"இரு" என்றாள். "மொதல்ல அடங்கட்டும். அவசரமே இல்ல."